கழற்றிய பின்பே தெரியும் கணக்கு

கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலையை அடுத்துள்ள மாம்புரியில் வாகனம் திருத்தும் தொழிலைப் பற்றி எழுத முற்படும் எவரும் முதலில் காற்றைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே மணல் நிலம் என்ற அமைப்பில், தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தடையின்றி வீசுவதனால்தான் 2010ஆம் ஆண்டில் இக்கரையில் காற்றாலை மின்நிலையம் நிறுவப்பட்டது. அதே காற்றுக் கடலலையின் மேற்பரப்பிலிருந்து நுண்ணிய உப்புத் திவலைகளை அள்ளி வந்து வீட்டுக் கூரையிலும் வேலிக் கம்பியிலும் வாகனத்தின் அடிப்பாகத்திலும் படியவிடுகிறது. பழைய வாகனம் ஒன்றைக் கராஜில் விட்டுச் சென்றவர், தான் மனத்தில் வைத்திருந்த தொகையைப் போல இரு மடங்கோ மூன்று மடங்கோ பில்லில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு திகைப்பது எங்கும் நடப்பதே. ஆயினும் இக்கரையில் அத்திகைப்புக்குரிய காரணம் பெரும்பாலும் உப்பிலிருந்தே தொடங்குகிறது. வாகனம் திறக்கப்படும்போது அது வெளிப்படுகிறது. அந்நேரத்தில் உரிமையாளருக்குச் சொல்லப்படாமற்போவதனால் மனக்கசப்பாக முற்றுகிறது. இத்தொழிலில் நெடுங்காலம் கைபழகியவரின் அனுபவத்தைக் கொண்டு இம்மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்பு உண்டு என்பதால், மழையே பெய்யாத மாதங்களிலும் வாகனத்தின் அடிப்பாகம் இரவு முழுவதும் மெல்லிய உவர்நீர்ப் படலம் ஒன்றினால் போர்த்தப்பட்டே இருக்கிறது. அந்நீரில் கரைந்துள்ள குளோரைட்டு, உலோகத்தின் மேற்பரப்பைக் காக்கும் இயற்கையான மென்படலத்தை ஊடறுத்துச் சென்று, புள்ளி புள்ளியாகக் குழிகளைத் தோண்டுகிறது. இதிலும் தொழிலாளிக்குப் பெருந்தொல்லை தருவது வேறொன்று: துருவானது, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு கன அளவு கொண்டது. ஆணியின் புரிகளுக்கும் அதைக் கவ்வியிருக்கும் துளையின் புரிகளுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் அது உருவாகும்போது, இரண்டும் ஒரே துண்டாக இறுகிப்போகின்றன. ஈரவலயத்திலோ மலையகத்திலோ ஓடிய அதே வயதுடைய வாகனத்தில் சாவியை வைத்துத் திருப்பினால் கழன்றுவரும் ஆணி, மாம்புரியில் முறிந்து வருகிறது. மீன்பெட்டி ஏற்றும் சிறு லொறிகளின் நிலை இன்னும் மோசமானது. ஐஸ் உருகி வடியும் உப்புநீர் தளத்தின் மூட்டுகளில் இறங்கித் தங்கிவிடுவதால், அவை மேலிருந்தும் கீழிருந்தும் ஒருங்கே அரிக்கப்படுகின்றன.

இதன் விளைவு பில்லில் எவ்வாறு ஏறுகிறது என்பதைப் பின்சக்கர பிரேக்கை வைத்துப் பார்ப்பது பயனுடையது. ‘லைனர் மாத்தணும்’ என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வாகனத்தை விட்டுச் செல்கிறார். லைனர் என்பது பிரேக் மிதிக்கப்படும்போது டிரம் எனப்படும் வட்டக் கூட்டின் உட்புறத்தில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் தேய்பொருளாகும். அதை மாற்றுவது எளிய வேலை, அதற்கான கூலியும் ஊரறிந்தது. சக்கரம் கழற்றப்படுகிறது, டிரம் நடுக்குடத்தோடு துருவேறி ஒட்டியிருப்பதனால் அசைய மறுக்கிறது. டிரம்மின் முகப்பிலுள்ள இரு புரித்துளைகளில் இரண்டு ஆணிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால், அவை உட்புறத்தை உந்தி டிரம்மை வெளியே தள்ளுகின்றன. திறந்து பார்த்தால், லைனரை விரித்துத் தள்ளும் சிறு நீரழுத்த உருளையான வீல் சிலிண்டரின் இறப்பர் உறைக்குள் ஈரம் தெரிகிறது. பிரேக் ஒயில் கசிகிறது. பிரேக் ஒயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம் என்பதால், காலத்துக்குக் காலம் மாற்றப்படாத வாகனத்தில் சிலிண்டர் உள்ளிருந்தும் துருப்பிடிக்கிறது.

காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதற்கென அந்தச் சிலிண்டரின் பின்புறத்தில் நிப்பிள் எனப்படும் துளையுள்ள சிறு ஆணி ஒன்று இருக்கிறது. உட்புறம் குழாயாக இருப்பதனால் அது இயல்பிலேயே வலிமை குறைந்தது. துருத்தளர்த்தும் எண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, மெல்லத் தட்டி, சாவியை வைத்துத் திருப்பும்போது, கழலும் ஆணிக்கும் முறியப்போகும் ஆணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கை உணர்கிறது. கழலும் ஆணி முதலில் ‘டக்’கென்று விடுபட்டு, பின்பு இறுக்கத்துடனேனும் சீராகச் சுழலும், முறியப்போகும் ஆணியோ எந்த ஒலியும் எழுப்பாமல் மெழுகுபோல் இளகிக் கொடுக்கும். அந்த இளக்கத்தை உணர்ந்த கணத்தில் கையை எடுப்பவனே தேர்ந்த தொழிலாளி. எனினும் கையை எடுத்த பின்பும் நிப்பிள் கழன்றாக வேண்டும் என்ற நிலை மாறுவதில்லை. அது முறிந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். சிலிண்டரைக் கழற்றுவதற்குப் பிரேக் குழாயின் முனையிலுள்ள நட்டைத் திறக்க வேண்டும். அந்த நட்டோ குழாயோடு துருவேறி ஒன்றாகிவிட்டதால், நட்டைத் திருப்பக் குழாயும் சேர்ந்து முறுகி மடிகிறது. இவ்வாறாக லைனர் மாற்ற வந்த வாகனத்துக்கு லைனர், சிலிண்டர், குழாய், புதிய பிரேக் ஒயில், நான்கு சக்கரங்களிலும் காற்றெடுக்கும் வேலை என ஐந்து வரிகள் பில்லில் சேர்கின்றன. இவற்றில் எதுவுமே பொய்யன்று. எதுவுமே உரிமையாளர் கேட்டதுமன்று.

இவ்விரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாயிருப்பதே இத்தொழிலின் மையச் சிக்கல் எனலாம். பில் பெரிதாகும்போது வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டார் என்று முடிவுகட்டுவதோ, தொழிலாளியின் நேர்மை ஐயுறப்படுகிறது என்று சினங்கொள்வதோ இச்சிக்கலைத் தொடுவதேயில்லை. நிப்பிள் முறிந்த அந்த நேரத்தில் வேலை நிறுத்தப்பட்டதா, உரிமையாளருக்கு அழைப்புச் சென்றதா என்பதே கேட்கப்பட வேண்டியது. ‘நானா, நிப்பிள் முறிஞ்சிட்டு, சிலிண்டரும் கசியுது. புதுசு போடவா, இல்ல வந்து பார்த்துட்டுச் சொல்றீங்களா?’ என்ற ஓர் அழைப்புக்குச் செலவாவது அரை நிமிடமே. அந்த அரை நிமிடம் தவிர்க்கப்பட்டு, மாலையில் ஐந்து வரிப் பில் ஒன்றாக உரிமையாளரின் கையில் வைக்கப்படும்போது, நியாயமான தொகைகூட அநியாயமாகவே தோன்றுகிறது.

எஞ்சின் வெப்பமேறும் கோளாறு இதனினும் பெரிய தொகைக்குக் காரணமாகிறது. அதன் வேர் இக்கரையின் நிலத்தடி நீரில் இருக்கிறது. குடாநாட்டின் மணலுக்கடியில் மழைநீர் சேர்ந்து உருவான நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. வெங்காயம், மிளகாய், காய்கறித் தோட்டங்களுக்கு இடைவிடாது இறைக்கப்படும்போது உவர்நீர் மேலெழுந்து கிணற்றை எட்டுகிறது. வாயில் வைத்தால் உவர்ப்புத் தெரியாத நீரிலும் ரேடியேற்றரைக் கெடுப்பதற்குப் போதிய உப்பும் சுண்ணாம்பும் இருக்கக்கூடும். ரேடியேற்றர் என்பது எஞ்சினின் வெப்பத்தை ஏற்று வரும் நீரை மெல்லிய குழாய்களினூடே ஓடவிட்டுக் காற்றினால் குளிரச் செய்யும் பாகமாகும். அதன் மூடியிலுள்ள வில் நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதனால், 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 120 பாகைக்கு அருகில்தான் கொதிக்கிறது. கூலன்ட் எனப்படும் திரவத்தில் கொதிநிலையை உயர்த்தும் கிளைக்கோலும் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் உள்ளன; அது வடித்த நீரோடு கலந்து ஊற்றப்பட வேண்டியது. ஆனால் வழியில் மட்டம் குறைந்தது கண்டு அருகிலுள்ள கிணற்று நீரை ஒரு போத்தலில் அள்ளி ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒருமுறை ஊற்றினால் வாகனம் கெட்டுவிடாது. அதுவே வழக்கமானால் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து நீரோட்டம் குறைகிறது, வெப்பத்துக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட் இறுகிவிடுகிறது, வோட்டர் பம்பின் சீல் கசிகிறது.

வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பின்பும், இன்னும் கொஞ்சத் தூரந்தானே என்று வாகனத்தை ஓட்டிவிடுவதில்தான் பெரும்பில் எழுதப்படுகிறது. பழைய ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் எஞ்சினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பினாலும், ஹெட் எனப்படும் தலைப்பகுதி அலுமினியத்தினாலும் ஆனவை. சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால், அளவுமீறிய வெப்பத்தில் ஹெட் வளைந்துவிடுகிறது, இரண்டுக்கும் நடுவேயுள்ள கஸ்கட் எரிந்து நீரும் ஒயிலும் கலக்கின்றன. ஒயில் மூடியின் அடியில் பால்தேநீர் நிறத்தில் படியும் நுரை இதன் வெளிப்படையான அடையாளம். ஹெட்டைக் கழற்றித் துடைத்து, அதன் தளத்தின் குறுக்கே நேர்விளிம்புச் சட்டம் ஒன்றை வைத்து, சட்டத்துக்கும் தளத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் எனப்படும் தகட்டளவியின் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்க்க வேண்டும். சிறிய எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.05 மில்லிமீற்றரே, அதாவது தலைமயிரின் தடிப்பளவே, வளைவுக்கு அனுமதிக்கப்படும் எல்லை. அந்தத் தகடு இலகுவாக உள்ளே சென்றால் ஹெட் லேத் பட்டறைக்குப் போயாக வேண்டும். அங்கே தளம் சீவப்படும் அளவு போதாமலோ, வால்வுகளுக்கிடையே வெடிப்புக் காணப்பட்டோ இருந்தால் வேறு ஹெட்டே தேட வேண்டும். கழற்றுவதற்கு முன் ‘கஸ்கட் மாத்த எவ்வளவு?’ என்று கேட்கப்படும் கேள்விக்கு எந்த நேர்மையான தொழிலாளியாலும் ஒற்றை எண்ணில் விடை சொல்ல முடியாது என்பது இதனாலேயே.

ஹெட் கழன்றிருக்கும் வேளையில் வால்வு சீல்களையும் டைமிங் பெல்ட்டையும் வோட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுவது அறிவுடைமை. பின்னொரு நாளில் அதே பாகங்களை மாற்ற மீண்டும் அதே அளவு பிரிக்க வேண்டிவரும், கூலி இரட்டிக்கும். இதைத் தொழிலாளி நன்கறிவார். அறிந்திருப்பதனாலேயே, உரிமையாளரின் நன்மையைக் கருதிக் கேட்காமலே செய்துவிடுகிறார். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இந்த மேலதிக வேலையே கராஜ்களில் எழும் சச்சரவுகளில் பெரும்பங்கிற்குக் காரணம் என்பது அனுபவத்தில் கண்டது. அடுத்த ஆண்டுச் செலவை மிச்சப்படுத்தும் யோசனை, பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தையும் படகின் வலைச் செலவையும் இந்த மாதமே சமாளிக்க வேண்டியவருக்கு உதவியாக அமைவதில்லை. வாகனத்தின் தேவையைத் தொழிலாளி அறிவார். குடும்பத்தின் தேவையை உரிமையாளர் மட்டுமே அறிவார். ஆகவே கேட்டுச் செய்வது மரியாதைக்காக மட்டும் அன்று, வேலையின் ஒரு பாகமாகவே அது கருதப்பட வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் பில்லின் அமைப்பையே மாற்றியது சாமான் விலையாகும். உதிரிப்பாகத்தைச் சாமான் என்றே இப்பகுதிக் கராஜ்களில் சொல்வர். வெளிநாட்டுச் செலாவணியைக் காப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீக்கப்பட்டது, அதன் பின்பும் வரி மிக உயர்ந்ததாகவே இருந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், வேறிடத்தில் எப்போதோ கழிக்கப்பட்டிருக்க வேண்டிய வாகனங்கள் இங்கு தொடர்ந்து ஓடின. அவற்றின் விற்பனை விலையும் ஏறியதால் உரிமையாளர்கள் அவற்றை விட்டுவிட மனங்கொள்ளவில்லை. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டதும், 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் சில வாரங்களில் 360 வரை ஏறியது. 100 டொலர் பெறுமதியான சாமான் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ஆனதில் கராஜ்காரருக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை. 8 வீதமாயிருந்த பெறுமதி சேர் வரி அதே ஆண்டில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்த்தப்பட்டு அதன் மேல் ஏறியது. கூலியும் சாமானும் அருகருகே நின்ற காலம் போய், பில்லின் பெரும்பகுதி சாமானாகவும் கூலி அதன் அடியில் ஒரு சிறு வரியாகவும் மாறியது. இருந்தும் விலை குறைக்கும்படி கேட்கப்படும்போது முதலில் வெட்டப்படுவது கூலியே. இது தொழிலுக்கு நேரும் அநீதி. பையன்கள் இத்தொழிலைக் கற்க முன்வராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அக்காலத்தின் இன்னொரு விளைவு பின்னர்தான் தெரியவந்தது. 2020 மார்ச் 18ஆம் திகதி, நாடளாவிய ஊரடங்குக்கு இரு நாள் முன்னரே, புத்தளத்தில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசைகளும் கியூஆர் பங்கீடும் வந்தன. ஓடாமல் நின்ற வாகனம் தேயாது என்பது பொதுவான எண்ணம். உப்புக் காற்றில் நின்ற வாகனத்துக்கு அது பொருந்தாது. லைனர் டிரம்மோடு ஒட்டியது, கிளச் தட்டு ஃப்ளைவீலோடு துருவேறிப் பிடித்தது, தாங்கியில் பழசான பெற்றோல் காபரேற்றரின் நுண்துளைகளைப் பிசினால் அடைத்தது. ஓட்டாமல் காத்துவைத்த வாகனத்துக்கு ஏன் இத்தனை செலவு என்று மனம் நொந்து கேட்டவர்களுக்கு, நின்றதே காரணம் என்று விளங்கவைப்பது மிகக் கடினமாயிருந்தது.

சாமான் வாங்குவதில் தெரிவுகள் உண்டு. அத்தெரிவு உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். கம்பனிச் சாமான், வேறு நிறுவனங்கள் செய்யும் மாற்றுச் சாமான், ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய சாமான் என மூன்று தரங்களும், ஏ3 வீதியால் சென்றால் கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைத்தெருவில் அருகருகே கிடைக்கின்றன. பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றில் தேயும் சாமானுக்குப் பழையது வாங்கலாகாது, மலிவான போலியும் ஆகாது. கதவுப் பூட்டு, கண்ணாடி உயர்த்தி, ஹெட், கியர்பெட்டி போன்றவற்றுக்குப் பரிசோதித்து வாங்கிய பழைய சாமானே பல வேளைகளில் புதிய மாற்றுச் சாமானைவிடச் சிறந்தது. எந்தத் தரம் போடப்பட்டது என்பது பில்லில் எழுதப்படாவிட்டால், தொகை சரியா என்று எவராலும் சொல்ல முடியாது. கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளருக்குக் கொடுப்பதும் இன்றியமையாதது. கலிஃபோர்னியாவில் 1971ஆம் ஆண்டின் வாகனத் திருத்தச் சட்டமே எழுத்து மதிப்பீட்டையும், மேலதிக வேலைக்கு உரிமையாளரின் சம்மதத்தையும், கேட்டால் பழைய பாகங்களைத் திருப்பித் தருவதையும் கட்டாயமாக்கியது. இங்கு கராஜ்களுக்கென அத்தகைய தனிச்சட்டம் துணைநிற்காவிடினும் அம்மூன்றையும் பின்பற்றுவதற்கு எத்தடையும் இல்லை.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருள்களோடு சேவைகளையும் உள்ளடக்குகிறது. பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறலாம், உத்தரவாதம் மீறப்பட்டால் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். கராஜ்காரர் பக்கத்திலும் சட்டம் நிற்கிறது: இந்நாட்டில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டப்படி, ஒரு பொருளைத் திருத்தியவர் தமக்குரிய கூலியும் செலவும் கிடைக்கும்வரை அதைத் தம்மிடம் பிடித்துவைத்திருக்கும் உரிமையுடையவர், பொருள் கைவிட்டுப் போனதும் அவ்வுரிமையும் போய்விடுகிறது. ஊருக்குள் அந்த உரிமை பெரும்பாலும் பயன்படுத்தப்படுவதில்லை. வாகனத்தைப் பிடித்துவைத்தால் மீனோ மரக்கறியோ சந்தைக்குப் போகாது, போகாவிட்டால் பில்லுக்கான காசும் வராது என்பதை இருதரப்பும் அறியும். சாமானுக்குரிய தொகையை உடனே கொடுத்து, கூலியை வெங்காயம் இறங்கிய பின் கொடுப்பது இங்கு நடைமுறையிலுள்ள ஏற்பாடு. சாமான் கடைக்குக் கராஜ்காரர் கடன்படாமல் அது காப்பதனால், இரு தரப்புக்கும் தாங்கக்கூடியதாகிறது. தொகையைச் சும்மா குறைக்கக் கேட்பதைவிட, எந்த வரியை இப்போது செலுத்தலாம், எந்த வேலையை அடுத்த போகம்வரை தள்ளிவைக்கலாம் என்று கேட்பதே கூடுதல் பலனைத் தருகிறது.

தள்ளிவைக்கக் கூடாதவை எவை என்பதில் தொழிலாளி விட்டுக்கொடுக்கக் கூடாது. பிரேக், ஸ்டியரிங் மூட்டு, சக்கர பெயரிங், ரயர், எரிபொருட் குழாய் ஆகியவை பணமில்லை என்ற காரணத்துக்காக ஒத்திவைக்கத் தக்கவையல்ல. கசியும் ஷொக் அப்சோபர், உரத்து ஒலிக்கும் சைலன்சர், சிறிதளவு ஒயில் குடிக்கும் எஞ்சின் ஆகியவை சில மாதங்கள் பொறுக்கும். புகைப் பரிசோதனையில் தேறி வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டிய மாதம் நெருங்கும்போது மட்டும் பின்னிரண்டும் முன்னுக்கு வந்துவிடுகின்றன.

திருத்துவதா, விடுவதா என்ற கேள்விக்கு வாகனத்தின் சந்தை விலையோடு பில்லை ஒப்பிட்டு விடை காணும் வழக்கம் இக்கரைக்குப் போதாது. எஞ்சின் எத்தனை பழுதடைந்தாலும் மாற்றலாம், கியர்பெட்டியையும் மாற்றலாம். உடற்சட்டம் அரிக்கப்பட்டிருந்தால் அவற்றில் இடும் காசு உப்பிலேயே கரைகிறது. ஆகையால் பெரிய வேலை எதற்கும் மதிப்பீடு கொடுப்பதற்கு முன், வாகனத்தை உயர்த்தி, சஸ்பென்ஷன் பிணைக்கப்பட்டிருக்கும் இடங்களையும், பக்கவாட்டுச் சட்டங்களின் அடிப்புறத்தையும், இருக்கைப் பட்டியின் ஆணி இறங்கும் இடத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நன்று. திடமான தகடு கணீரென்று ஒலிக்கும். பெயின்டுக்குள்ளே துருவாகிப்போனது மந்தமாக ஒலித்து, திருப்புளி முனையை உள்வாங்கும். தரையில் காணும் ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். சஸ்பென்ஷன் பிணைப்பிலேயே திருப்புளி இறங்குமானால், எஞ்சின் வேலைக்கான கூலியை இழந்தாலும், அவ்வாகனத்தில் இனிக் காசு போட வேண்டாம் என்று உரிமையாளரை அழைத்து, அந்த இடத்தை அவர் கண்ணாலேயே பார்க்கும்படி காட்டி, அதற்கு மேல் எதையும் கழற்றாமல் வாகனத்தை இறக்கிவிட வேண்டும்.